ஒரு நாளைக்கு ஒரு மில்லி

ரிம்மாவுக்குப் பொறுமை என்ற ஒன்றைப் பிறக்கும்போதே யாரும் கொடுத்தனுப்பவில்லை. மியாஸ் நகரத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருஷமாக மாத இலக்கை இருபதாம் தேதிக்குள் முடித்துவிட்டு, மிச்சப் பத்து நாளும் அடுத்த மாத வேலையில் கையை வைத்து, கௌரவப் பலகையில் தன் போட்டோவை நிரந்தரமாகத் தொங்கவிட்டுக்கொண்டவள். ஐந்தாண்டுத் திட்டத்தை நாலே வருஷத்தில் முடிப்போம் என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருக்கும் நாட்டில் அதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். எங்களில் பாதிப் பேர் அந்தச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்தோம். ரிம்மா நம்பினாள்.

அப்படிப்பட்டவளைக் குர்கான் நகரத்து எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒரு கட்டிலில் போட்டு, இடது காலைச் சுற்றி நாலு இரும்பு வளையம் மாட்டி, வளையங்களை மரை போட்ட நாலு கம்பிகளால் பூட்டி, கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுக்கு மேல கூடாது" என்று சொன்னார்கள். ஆட்டைக் கட்டிப்போட்டு எதிரே புல்லைக் காட்டிய கதைதான்.

வேலை என்னவோ சுலபம். முழங்காலுக்குக் கீழே எலும்பைக் குறுக்காக வெட்டியிருந்தார்கள். வெட்டின இரண்டு முனைகளையும் கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. காலை ஆறு, பதினொன்று, நாலு, ஒன்பது என்று நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் அந்தக் கம்பிகளின் நட்டுகளைக் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். நாலு வேளை சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று, ஒரு மில்லி. முனைகள் இம்மியாக விலக விலக, நடுவில் புது எலும்பு வளர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொண்டே வரும். நட்டைத் திருப்புவது நோயாளியே. ரிம்மா முதல் நாளே மரையை நகத்தால் உரசிப் பார்த்துவிட்டு, "எங்க பட்டறையில இப்படிக் கடைஞ்சா மேஸ்திரி மூஞ்சியில விட்டெறிவார்" என்றாள்.

"உன் மேஸ்திரி வந்து எங்களுக்குக் காலை நீட்டி விடுவாரா?" என்றாள் பக்கத்துக் கட்டில் கிளாவா. தோபோல்ஸ்க் ரயில்வே கேன்டீனில் சமையற்காரி, ஐம்பது வயது, கட்டில் முனகும் உடம்பு. பஸ்ஸில் அடிபட்டு உடைந்து கூடாமலே போன காலை நாலு வருஷம் ஊன்றுகோலில் இழுத்துத் திரிந்தவள். இப்போது அந்தக் காலில் ரிம்மாவைவிட இரண்டு வளையம் கூடுதல்.

ரிம்மாவுக்கு ஏழு வயதில் எலும்புக்குள் சீழ் பிடித்தது. மூன்று வாரக் காய்ச்சலில் உயிர் தப்பினாள், கால் மட்டும் அங்கேயே நின்றுபோனது. குழந்தை எலும்பு எல்லா இடத்திலும் சேர்ந்து நீள்வதில்லை. இரண்டு முனைக்கும் பக்கத்தில் மெல்லிய தட்டு ஒன்று உண்டு, வளர்ச்சியெல்லாம் அதில்தான். முழங்கால் பக்கத்துத் தட்டைச் சீழ் தின்றுவிட்டது. வலது கால் தன் பாட்டுக்கு வளர, இடது பின்தங்கி, வளர்த்தி நின்ற வயதில் நாலரை சென்டிமீட்டர் குறைவு. ரிம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாத்து என்று கூப்பிட்டவர்களையெல்லாம் வேலையில் முந்திக் காட்டினாள். கல்யாணமும் ஆனது. புருஷன் வடக்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவன், வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவான்.

விஷயம் அவள் காலே இல்லை. மகள் தாஸ்யாவின் கால்.

மார்ச் மாதம் பாலர் பள்ளி நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினாள். "உங்கள் மகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். இடுப்பு எலும்பைப் பரிசோதிக்கவும்." ரிம்மாவுக்குத் தன் ஏழு வயது ஞாபகம் வந்தது. சீழ், காய்ச்சல், ஊசி எல்லாம் கண்முன் வந்துபோயின. லீவு போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர், சிரித்தார்.

"இடுப்பு நல்லா இருக்கு. ரெண்டு காலும் ஒரே அளவு. இந்த மாதிரி எலும்பு எனக்குக்கூடக் கிடையாதும்மா. நீங்க ரெண்டு பேரும் வராந்தால நடந்து வந்ததப் பாத்தேன். அம்மா எப்படி நடக்குறாங்களோ அப்படியே நடக்குறா, அவ்வளவுதான்."

ரிம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஏண்டி அப்படி நடக்குற?" என்று கேட்டாள். பிள்ளை, "எப்படி?" என்று கேட்டது. தரைப்பலகையின் கோட்டில் நடக்கச் சொன்னால் நேராக நடந்தது. தெருவில் கையைப் பிடித்துக்கொண்டால் மறுபடி சாய்ந்தது. திட்டிப் பார்த்தாள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள், பிறகு அடுப்படியில் தனியாக நின்று அழுதாள். தன்னை வாத்து என்று கூப்பிட்டதை அவள் தாங்கினாள். தாஸ்யாவை ஒருத்தர் கூப்பிடுவதை நினைத்தால் நெஞ்சு வெந்தது.

தாஸ்யா செப்டம்பர் ஒன்றாம் தேதி முதல் வகுப்பில் சேரவேண்டும். எங்கள் ஊரில் அந்த ஒரு நாளை யாரும் லேசில் விடுவதில்லை. வெள்ளை ஏப்ரன், தலையில் முட்டைக்கோஸ் அளவுக்கு வெள்ளை ரிப்பன், கையில் பிள்ளையைவிட உயரமான பூங்கொத்து, மறு கை அம்மா கையில். ஊரே பார்க்கும். "அன்னைக்கு நான் நேரா நடந்து உன்னைக் கூட்டிட்டுப் போவேன், நீயும் நேரா நடப்பே" என்று ரிம்மா சத்தியம் செய்தாள். தொழிற்சங்கத்துக்காரர்கள் கௌரவப் பலகையைக் காட்டி அவளுக்கு ஆஸ்பத்திரியில் வரிசையை முந்தி இடம் வாங்கித் தந்தார்கள். பிள்ளையை அக்கா ஸோயாவிடம் விட்டுவிட்டு ஜூன் மாதம் ரயில் ஏறினாள்.

டாக்டர் எமிலியா கார்லோவ்னா ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னார். ஒல்லி, நரைத்த கொண்டை, யார் பெயரையும் மறக்காதவர். "நாப்பத்தஞ்சு மில்லி, நாப்பத்தஞ்சு நாள். அதுக்கப்புறம் புது எலும்பு கெட்டியாகணும், நாலு மாசம். டிசம்பர்ல இரும்பைக் கழட்டுவோம், புது வருஷத்துக்கு வீட்டுல இருப்பீங்க."

ரிம்மா தலையை ஆட்டினாள். அன்று மாலையே நோட்டை எடுத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு மில்லி திருப்பினால் ஜூலை பன்னிரண்டுக்குள் நீளம் முடியும். கெட்டியாக நாலு மாசம் என்பது சோம்பேறிகளுக்கான கணக்கு. பட்டறையில் எட்டு மணி நேர வேலை என்று தாளில் போட்டிருந்தால் அவள் ஐந்து மணி நேரத்தில் முடிப்பாள். இதையும் ஏழு வாரத்தில் முடித்தால் ஆகஸ்ட் முப்பதாம் தேதி ரயில். அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டாள்.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கும். ஒவ்வொரு வேளையும் திருப்பிவிட்டு அதில் டிக் அடிக்க வேண்டும். ரிம்மா டிக் அடித்த வேளைகள் நாலு. டிக் அடிக்காத வேளைகள் இன்னொரு நாலு. அதற்குத் துணி காயப்போடும் அறைக்குப் போவாள். ஈரப் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஸ்பேனரை எடுத்து, நாலு கம்பியையும் டிக் டிக்கென்று முடித்துவிட்டு வருவாள். வந்து உட்கார்ந்தால் உட்கார முடியாது. ஜன்னலுக்குப் போவாள், கட்டிலுக்கு வருவாள், நோட்டைப் பிரிப்பாள், மூடுவாள்.

"உனக்கு என்ன, கட்டில்ல எறும்பா?" என்பாள் கிளாவா.

"எனக்கு வேலை கெடக்கு."

"என்ன வேலை? கிடந்து வளர்றதுதான் இங்க வேலை. நானே முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு மறுபடி வளர்றேன், எங்கம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

வாரா வாரம் வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு நடனம் வைப்பார்கள். உல்லாசத்துக்கு இல்லை, அது மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற விஷயம். காலில், கையில் இரும்போடு அறுபது எழுபது பேர், ஒருத்தன் அக்கார்டியன் வாசிப்பான், தரை தடதடக்கும். பாரம் ஏறினால்தான் எலும்பு வளரும் என்பது இந்த ஆஸ்பத்திரியின் வேதம். ரிம்மா ஒரு வியாழனும் போகவில்லை. தன் பதினாறு வயதில் ஒரே ஒரு தடவை ஆடப்போய், சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தவள். அதற்கப்புறம் கல்யாணத்தில்கூட ஆடவில்லை. இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கிக்கொண்டு, இடது காலைத் தரையில் படாமல் பீங்கான் சாமானைப்போலத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நீளத்தைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாளே, பாரம் எதற்கு?

இரண்டாவது வாரத்தில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. விரல்கள் தானாகச் சுருண்டன. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. காலுக்குள் யாரோ கம்பியை மீட்டுவதுபோல் விண்விண்ணென்று ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டாள். இலக்கை மீறும்போது முதுகு வலிக்காமல் இருந்திருக்கிறதா என்ன?

ஜூலை மூன்றாம் தேதி எக்ஸ்ரே. அவள் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், ஆவலாகக் காத்திருந்தாள். பட்டறையில் இப்படித்தான் நடக்கும். முதலில் மேலதிகாரி கத்துவார், பிறகு உருப்படிகளை எண்ணிப் பார்ப்பார், பிறகு கை குலுக்குவார்.

எமிலியா கார்லோவ்னா பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அளவுகோலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ரிம்மா பாவ்லோவ்னா, தாள்ல பதினாலு மில்லி இருக்கு."

"ஆமா. நான் இருபத்தெட்டு முடிச்சிருக்கேன்." குரலில் இருந்த பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை. "ஒரு நாள்கூடத் தவறல."

டாக்டர் கத்தவில்லை. அதுதான் ரிம்மாவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. அவர் அலமாரியிலிருந்து இன்னொரு பிலிமை எடுத்து ஜன்னலில் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க பக்கத்துக் கட்டில் கிளாவாவோடது. நடுவுல பாருங்க, என்ன தெரியுது?"

வெட்டின இரண்டு முனைகளுக்கும் நடுவில், மேலிருந்து கீழாக, மெல்லிய வெள்ளை இழைகள். தறியில் ஏற்றின பாவு நூல்போல நெருக்கமாக நின்றன.

"நூல் மாதிரி இருக்கு."

"அதுதான் எலும்பு. மெதுவா இழுத்தா இழுக்கிற திசையில அப்படி நூல் விடும். அந்த நூலோட ரத்தக் குழாயும் கூடவே வளரும். இப்ப உங்களோடதைப் பாருங்க."

ரிம்மா பார்த்தாள். மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. நடுவில் கறுப்பு. ஒரு இழைகூட இல்லை.

"நூல் அறுந்துபோச்சு" என்றார் டாக்டர். "நீங்க எலும்பை வளக்கல. ஓட்டையை வளத்திருக்கீங்க."

வெளியே வராந்தாவில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எங்க ஊருல ஒருத்தன் லேத்தை ரெட்டை வேகத்துல ஓட்டுவான்னா அவன் கெட்டிக்காரன்" என்றாள் ரிம்மா.

"இரும்பு உயிரில்லாதது, நீங்க சொன்னதைக் கேக்கும். எலும்பு குச்சி இல்லை, இரும்பும் இல்லை. அது உயிரோட இருக்கு. ஒரு பக்கம் தின்னுக்கிட்டே இருக்கும், ஒரு பக்கம் கட்டிக்கிட்டே இருக்கும், நீங்க தூங்கும்போதுகூட. அதுக்கு வேலை கொடுத்தா கட்டும். கொடுக்கலேன்னா தின்னுட்டு சும்மா இருக்கும். விண்வெளியிலேர்ந்து இறங்கினவங்கள நாற்காலியில தூக்கிட்டுப் போனதை டிவியில பாக்கலியா? அத்தனை பெரிய வீரன், பாரமே இல்லாம மிதந்ததுல எலும்பு கரைஞ்சு நிக்க முடியல. நீங்க ஊன்றுகோல்ல மிதந்துக்கிட்டு இருக்கீங்க. நாள் முழுக்க நட்டைச் சுத்துறீங்க, காலை மட்டும் தரையில வைக்க மாட்டேங்கிறீங்க."

"சரி, இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"பின்னால திருப்பணும்."

ரிம்மாவுக்குப் புரியவில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு மில்லி, பின்னால. பன்னெண்டு நாள். முனைங்க கிட்ட வரட்டும். அப்புறம் நூல் விடுற வரைக்கும் திருப்பாம காத்திருக்கணும். அப்புறம்தான் முன்னால, இந்தத் தடவ ஒரு நாளைக்கு முக்கால் மில்லிதான்."

"அப்ப செப்டம்பர் ஒண்ணு?"

"செப்டம்பர்லயா? அடுத்த பிப்ரவரியைப் பத்திப் பேசலாம்."

"என் பொண்ணு ஸ்கூலுக்குப் போறா! நான் வாக்குக் குடுத்திருக்கேன். இதைக் கழட்டுங்க. இருபத்தெட்டு போதும், மிச்சத்துக்கு ஷூவுக்குள்ள தக்கை வெச்சுக்கறேன்."

எமிலியா கார்லோவ்னா அவளை நிமிர்ந்து பார்த்தார். "கழட்டினா உள்ள எலும்பு இல்லம்மா. கால் துணி மாதிரி மடங்கும்." அதுவரை இருந்த கண்டிப்பு குரலில் கொஞ்சம் இறங்கியிருந்தது. "போய் ஒரு டீ குடிங்க."

ரிம்மா டீ குடிக்கவில்லை. துணி காயப்போடும் அறைக்குப் போய் ஈர விரிப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையிலிருந்து ரிஜெக்ட் ஆன உருப்படிகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். இப்போது சொந்தக் காலையே ரிஜெக்ட் ஆக்கியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நட்டைப் பின்னால் திருப்பினாள். எழுதுவது சுலபம். செய்து முடித்ததைக் கால்வாசி கால்வாசியாகத் தன் கையாலேயே அழிப்பது எப்படி இருக்கும் என்பது இலக்கை மீறிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். பதினொரு மணிக்குத் திருப்பும்போது ஸ்பேனர் கைநழுவிக் கீழே விழுந்தது. கிளாவா குனிந்து எடுத்துக் கொடுத்தாள், அந்த உடம்போடு, ஆறு வளையத்தோடு.

"அடி பைத்தியக்காரி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் முப்பது வருஷமா மாவு பிசையறேன். அடுப்பை ரெட்டிப்பா எரிச்சா ரொட்டி ரெட்டிப்பா வேகுமா? மேல கரியும், உள்ள களியும்."

"ரொட்டியப் பத்திப் பேசாத. எனக்கு எரியுது."

"நாளைக்கு வியாழன். நீ என்கூட ஆட வர்ற."

"எனக்கு ஆட வராது."

"இங்க யாருக்கு வரும்? அந்த ஒம்பதாம் நம்பர் ரூம் பட்டாளத்துக்காரன் ஆடறதைப் பாத்தா குதிரை பனியில வழுக்கின மாதிரி இருக்கும். அவனைப் பாத்து நானே சிரிச்சேன், என்னைப் பாத்து அவன் சிரிச்சான். கணக்குத் தீந்துபோச்சு."

வியாழக்கிழமை கிளாவா அவளுடைய ஒரு ஊன்றுகோலைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு, மற்றதையும் பிடுங்கினாள். "என்னைப் பிடிச்சுக்கோ. நான் விழுந்தா கட்டடமே விழும், அதனால விழமாட்டேன்." ரிம்மா இடது பாதத்தைத் தரையில் வைத்தாள். உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஒரு வலி ஏறியது. பாரத்தைப் போட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். வளையங்கள் கிணுகிணுத்தன. சுற்றிலும் எல்லோர் காலிலும் அதே சத்தம்தான், அவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. நெற்றியில் வியர்வை கொட்ட, பற்களைக் கடித்துக்கொண்டு மூன்று பாட்டு முடியும்வரை நின்றாள். ஆடினாள் என்று சொல்ல முடியாது. நின்றாள்.

அப்புறம் தினமும் நடந்தாள். வராந்தாவில், படியில், தோட்டத்தில். பின்னால் திருப்பும் பன்னிரண்டு நாளும் முடிந்து, காத்திருக்கும் நாட்கள் வந்தன. அவைதான் கொடுமை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கை அரிக்கும். நாலு மணி ஆனால் விரல்கள் தானாக ஸ்பேனரைத் தேடும். கடைசியில் ஸ்பேனரைக் கொண்டுபோய்க் கிளாவாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். "நான் கேட்டாலும் குடுக்காத." இரண்டு தடவை கேட்டாள். கிளாவா கொடுக்கவில்லை. ஒரு தடவை ரிம்மா கெட்ட வார்த்தையில் திட்டினாள், கிளாவா அதைவிடப் பெரிய வார்த்தையாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலை இருவரும் சேர்ந்து சூரியகாந்தி விதை கொறித்தார்கள்.

தபாலாபீசில் பதிவு செய்து மியாசுக்கு டிரங்க் கால் போட்டாள். கரகரப்புக்கு நடுவில் தாஸ்யாவின் குரல் கேட்டது.

"அம்மா, கால் முளைச்சிடுச்சா?"

"இன்னும் இல்லடா கண்ணு. அம்மா அவசரப்பட்டுட்டேன். இப்ப மறுபடி முதல்லேர்ந்து." ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஸ்கூல் முதல் நாளுக்கு என்னால வர முடியாது. பெரியம்மா கூட்டிட்டுப் போவா."



"நீ சத்தியம் பண்ணே" என்றது குரல்.

"பண்ணினேன். நான் பண்ணினது தப்பு."

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று ஆபரேட்டர் வெட்டினாள். ரிம்மா ஆஸ்பத்திரிவரை ஊன்றுகோலைத் தரையில் குத்திக் குத்தி நடந்தாள். தன்மேல்தான் கோபம், ரோட்டுக்குத்தான் அடி.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி எடுத்த பிலிமில் வெள்ளை தெரிந்தது. மங்கலாக, ஜன்னல் கண்ணாடியில் விட்ட மூச்சுபோல. எமிலியா கார்லோவ்னா அதை அவள் கையிலேயே கொடுத்தார். ரிம்மா பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளாவாவின் தலையணைக்கு அடியிலிருந்து ஸ்பேனர் திரும்பி வந்தது. ஒரு நாளைக்கு முக்கால் மில்லி, மூன்றே வேளை. ஒவ்வொரு தடவையும் டிக் அடித்தாள். துணி காயப்போடும் அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செப்டம்பர் ஒன்று சனிக்கிழமை வந்தது. அன்று காலை எட்டரை மணிக்கு ரிம்மா எதுவும் சாப்பிடாமல் ஜன்னலில் நின்றாள். எதிரே பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது தொல்லை. வெள்ளை ரிப்பன்கள் தெருவெல்லாம் போய்க்கொண்டிருந்தன. கிளாவா திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரம். வராந்தாவின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. ஸோயா அக்கா, கையில் தயிர்க்கட்டியும் மீன் பணியாரமும் கட்டின மூட்டையோடு. அவளுக்கு முன்னால், புதுப் பள்ளிச் சீருடையில், நேற்றைய ரிப்பனைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அப்படியே ரயிலேறியிருந்த தாஸ்யா.

பிள்ளை வராந்தாவின் முழு நீளத்தையும் நடந்து வந்தாள். நேராக. தோள் ஒரு பக்கமும் சாயவில்லை. ஒரு தடவைகூட.

ரிம்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். பிள்ளையைக் கட்டிப் பிடித்து முகமெல்லாம் முத்தமிட்டுவிட்டு, தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

ஸோயா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். "நீ போன மூணாவது வாரமே சரியாயிடுச்சு. எழுதினா நீ வருத்தப்படுவேன்னு எழுதல."

மூன்றாவது வாரம். அதாவது அவள் துணிகளுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாக நட்டைச் சுற்றிக்கொண்டிருந்த அதே நாட்கள். அவள் எந்தக் காலையும் நீட்டியிருக்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் போனதே போதுமாக இருந்திருக்கிறது. சந்தோஷமும் குத்தலும் ஒன்றாக வந்தன, எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு ஸ்பேனரை எடுத்தாள். தாஸ்யா விடவில்லை. "நான், நான்!" கால்வாசி எவ்வளவு என்று காட்டிக் கொடுத்தாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு நாலு கம்பியையும் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவ?"

"போதும்."

"ஒரே ஒரு தடவம்மா. சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாமில்ல?"

கட்டிலில் இருந்த கிளாவா விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ரிம்மா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பேனரை வாங்கினாள். "மாட்டேன். கால்வாசிதான்." தாளில் டிக் அடித்தாள்.

ஐந்து மணிக்கு ரயில். வாசல்வரை வழியனுப்பக் கிளம்பினாள். வலது கையில் தடி. இடது கையை நீட்டினாள், எப்போதும்போலத் தாஸ்யா பிடித்துக்கொண்டாள். தோட்டத்து நடைபாதையில் இறங்கினார்கள்.

முதல் எட்டில் ரிம்மாவின் இடது கால் தரையில் பட்டதும் பிள்ளை சடாரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அடுத்த எட்டிலும். ரிம்மாவுக்கு உயிரே போனது. நின்றுவிட்டாள்.

"ஏண்டி? இவ்வளவு நேரம் நல்லாத்தானே நடந்தே? ஏன் என்கூட வந்தா மட்டும் இப்படி?"

தாஸ்யா திட்டு வாங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்கிறவள்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் கை கீழ இழுக்கும்ல" என்றாள். "நீ இந்தக் கால் வெக்கிறப்ப எல்லாம் கை கீழ போகும், என் தோள் வலிக்கும். நானும் சேந்து இறங்கினா வலிக்காது."

இத்தனை மாசம் நர்ஸும் டாக்டரும் ரிம்மாவுமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இவ்வளவுதானா. பிள்ளை அவளைப் பார்த்து நடக்கப் பழகவில்லை. கையை விடாமல் இருக்கப் பழகியிருக்கிறது.

"ஆனா இப்ப ஏன் இழுக்கல?" என்று கேட்டாள் தாஸ்யா. அவளுக்கே அது இப்போதுதான் உறைத்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். "நான் இறங்கினேன், நீ இறங்கல. நட."

ரிம்மா நடந்தாள். இடது கால், வலது கால், இடது கால். முப்பத்தெட்டு மில்லி. பிள்ளை பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை சாய்ந்து, அம்மாவின் கை அதே உயரத்தில் நிற்பதைப் பார்த்து, கலகலவென்று சிரித்தாள். அடுத்த எட்டு நேராக வைத்தாள். அதற்கடுத்ததும். வளையங்கள் கிணுகிணுத்துக்கொண்டு வந்தன. வாசல் கேட் வந்துவிட்டது.

"திரும்பவும் அங்கேர்ந்து நடக்கலாமா?" என்றாள் தாஸ்யா.

ஸோயா கேட்டுக்கு வெளியே மூட்டையோடு நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "ரிம்மா! நேரமாச்சு! ரயில் போயிடும்டி!"

"போகட்டும்க்கா" என்றாள் ரிம்மா. "அடுத்த ரயில் எட்டு மணிக்கு இருக்கு." பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.